கைகாட்டியும் கிடுகு வேலியும்: வீட்டு ரயில் மாதிரியை எங்கே தொடங்குவது?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. கோண்டாவிலில் வீட்டில் 6க்கு 4 அடிப் பலகை ஒன்றில் எச்.ஓ. அளவுத் (1:87 மாதிரி அளவு) தண்டவாளம் வட்டமாக ஓடுகிறது. ஒரு பக்கத்தில் ஸ்டேசன், அதில் இரண்டாவது லைன் ஒன்று. சுற்றிவர யாழ்ப்பாணப் பாதையைப் போல நிலமும் மரமும் வர வேண்டும், சிக்னலும் வேலை செய்ய வேண்டும். வெளிநாட்டுச் சாமான் வாங்கக் கட்டாது, இங்கே கிடைப்பதை வைத்துச் செய்யலாமா என்று கேட்கிறார். உண்மையில் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நம்முடைய ஊர் என்று பார்த்தவுடன் தெரிய எவை இருக்க வேண்டும் என்பது ஒன்று. சிக்னல் வெறுமனே எரிந்து அணையாமல், ரயிலுக்கு எதையாவது உண்மையாகச் சொல்ல என்ன செய்ய வேண்டும் என்பது மற்றது. இரண்டையும் இங்கே கிடைப்பதை வைத்துச் செய்யலாம். என் தொழில் மின்னியல் திருத்த வேலை. மாதிரி ரயில் பல வருடப் பழக்கம். ரயில் திணைக்களத்தில் வேலை செய்தவன் அல்ல. ஆகவே சிக்னலைப் பற்றிச் சொல்லும்போது எங்கும் பொதுவான விதிகளையே சொல்கிறேன். நீங்கள் செய்யப்போகும் ஸ்டேசனில் எந்தக் கம்பம் எங்கே நின்றது என்பதை ஒரு பழைய படமோ, அங்கே வேலை செய்த பெரியவர் ஒருவரோதான் சொல்ல வேண்டும்.

பசையையும் மண்ணையும் தேடுவதற்கு முன் எந்த ஆண்டு என்று முடிவெடுங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் வரத் தொடங்கியது 1905இல். யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. 1990 யூனில் எல்லாம் நின்றது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 சனவரியில் காங்கேசன்துறை வரையும் ரயில் திரும்பி வந்தது. 1990க்கு முந்திய பாதை என்றால் கைகாட்டி சிக்னல் (கம்பத்தில் கை அசையும் வகை), தண்டவாளத்துக்குக் கீழே குறுக்கே கிடக்கும் மரச் சிலிப்பர் கட்டை, பின்னிய தென்னோலையால் கட்டிய கிடுகு வேலி, மண்ணெண்ணெய் விளக்கு. 2014க்குப் பிந்தியது என்றால் வண்ண விளக்குச் சிக்னல், கொங்கிரீட் சிலிப்பர், சீமெந்து மதில், தகர வேலி, கைத்தொலைபேசிக் கோபுரம். இந்த இரண்டையும் கலந்து வைத்தால், என்ன பிழை என்று சொல்லத் தெரியாதவருக்கும் எதுவோ பொருந்தவில்லை என்று படும். இடைப்பட்ட காலத்தில் தண்டவாளமும் சிலிப்பரும் பதுங்கு குழிகளுக்குப் போயின, மேடு மட்டும் மிஞ்சியது. அந்த வெறும் மேட்டையே மாதிரியாகச் செய்ய விரும்புகிறவரை நான் மதிப்பேன். ஆனால் நீங்கள் ஓடும் ரயிலைக் கேட்கிறீர்கள். ஆகவே முந்தியதா பிந்தியதா என்பதை இப்போதே தெரிவு செய்யுங்கள். சிக்னலும் வேலியும் பலகையில் போடும் சிலிப்பரின் நிறமும் அதிலிருந்தே வரும்.

அளவைப் பற்றி ஒரு சொல். இலங்கைப் பாதையின் அகலம் 1676 மி.மீ. எச்.ஓ.வின் 1:87 கணக்கில் அது 19 மி.மீ.க்குச் சற்று மேலே வரவேண்டும், உங்கள் தண்டவாளமோ 16.5 மி.மீ. அதாவது பாதை கொஞ்சம் ஒடுங்கித் தெரியும். 16.5க்குச் சரியாகப் பொருந்துவது ஏறக்குறைய 1:100. சிலர் அதைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் 1:100இல் செய்யப் பார்ப்பார்கள். எச்.ஓ.வுக்கு விற்கும் எஞ்சினும் பெட்டியும் 1:87இல்தான் கிடைக்கும் என்பதால் நான் அதைச் சொல்லமாட்டேன். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதைவிட முக்கியமான கணக்கு நீளம். உங்கள் 6 அடிப் பலகை 1:87இல் 160 மீற்றர்கூட இல்லை. 18 மீற்றர்ப் பெட்டி 20 செ.மீ.க்குச் சற்று அதிகம் வரும். எஞ்சினும் மூன்று பெட்டியும் நிற்கிற அளவுக்குத்தான் மேடை போடலாம். யாழ்ப்பாணம் ஸ்டேசனை அப்படியே செய்ய இந்தப் பலகை போதாது. இணுவிலோ மல்லாகமோ போன்ற சிறிய இடத்தின் சாயலை எடுத்தால் நம்பும்படி இருக்கும்.

இனி நிலம். மாதிரி ரயில் வீடியோக்களில் மலையும் சுரங்கமும் வரும், அவை நமக்கு வேண்டாம். குடாநாடு தட்டை. தட்டையான நிலத்தைச் செய்வது மலையைச் செய்வதைவிடக் கடினம், ஏனென்றால் கண்ணை மறிக்க எதுவும் இல்லை. இதற்கு வழி தண்டவாளத்தை உயர்த்துவதல்ல, நிலத்தைத் தாழ்த்துவது. ஒட்டுப்பலகைக்கு மேலே ஒரு அங்குல ரெஜிபோம் (தெர்மோகோல்) தாளை ஒட்டி, அதன்மேல் தண்டவாளத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் கத்தியால் சரித்து வெட்டுங்கள். அரை அங்குலம் இறங்கினாலே பாதை மேட்டில் ஓடுவதுபோல் ஆகிவிடும். ஓரிடத்தில் மழைத்தண்ணீர் போகும் மதகு ஒன்றை வையுங்கள். ஒழுங்கை ஒன்று குறுக்கே போகும் கடவை ஒன்றும் வேண்டும். பின்பக்க ஓரத்தைப் பனங்கூடலால் மறைத்தால் ரயில் எங்கோ போய்விட்டு வருவதாகத் தோன்றும். ஆண்டைப் போலவே மாதத்தையும் முடிவெடுங்கள். தை மாதம் என்றால் நெல் மஞ்சளாக நிற்கும், பள்ளத்தில் இன்னும் தண்ணீர் கிடக்கும். பங்குனியில் செம்மண் தோட்டத்தில் புகையிலை நிற்கும். ஆவணியில் புல் காய்ந்து, பனம்பழம் விழும். எல்லாமே ஒரே பச்சையாக இருக்கும் மாதிரி எந்த மாதத்திலும் யாழ்ப்பாணம் ஆகாது.

மண்ணுக்கு உண்மையான மண்ணையே பாவியுங்கள், கோண்டாவில் செம்மண்ணுக்கு நிகரான பெயின்ட் இல்லை. ஆனால் நாலு விசயம் கவனிக்க வேண்டும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, பழைய தாச்சியில் வறுத்து எடுங்கள், பூச்சியும் முட்டையும் போய்விடும். மா அரிக்கும் அரிதட்டில் அரித்து, பிறகு மெல்லிய துணியில் இன்னொரு தரம் அரியுங்கள். அரித்த மண்ணைக் கடதாசியில் பரப்பி, காந்தம் ஒன்றைக் கடதாசியால் சுற்றிப் பலமுறை மேலே இழுங்கள். நம்முடைய செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஒட்சைட்டால் வருவது, அதில் காந்தத்தில் ஒட்டும் துகளும் கலந்திருக்கும். அதை எடுக்காமல் விட்டால் எஞ்சின் மோட்டரின் காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியாக, பசை பட்டால் மண் கறுக்கும், காய்ந்த பிறகும் முழுதாகத் திரும்பாது. ஆகவே ஒரு துண்டுப் பலகையில் ஒட்டிக் காயவிட்டு நிறத்தைப் பார்த்த பிறகே பெரிய பலகையில் கை வையுங்கள்.

தண்டவாளத்துக்குக் கீழே கிடக்கும் சல்லி வேறு கதை. யாழ்ப்பாணத்துக் கல் சுண்ணாம்புக்கல், பாதையில் கிடப்பதோ வெளியிலிருந்து கொண்டுவந்த கருங்கல். சிவந்த நிலத்துக்கு நடுவே சாம்பல் நிறக் கோடாகப் பாதை தெரிவது இதனால்தான், அதைக் கட்டாயம் காட்டுங்கள். 50 மி.மீ. கல் 1:87இல் அரை மி.மீ.க்குச் சற்று மேலே வரும். கட்டடச் சாமான் விற்கும் இடத்தில் கருங்கல் தூள் ஒரு பை வாங்கி அரித்தால் ஆயுள் முழுவதற்கும் போதும். கடல் மணலைப் போடவேண்டாம். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் உப்பு நிற்கும், உப்பு ஈரத்தை இழுக்கும், தண்டவாளம் பச்சை பிடிக்கும். சல்லியைத் தூரிகையால் சமப்படுத்தி, சோப்புத்துளி கலந்த தண்ணீரை மெதுவாகத் தெளித்து, பிறகு பைண்டர் கம் (வெள்ளைப் பசை) ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து துளித்துளியாக விடுங்கள். பாதை பிரியும் பொயின்டின் அசையும் நாக்குகளுக்குக் கிட்டப் பசை போகவே கூடாது.

பனைக்கு வருவோம். இணையக் கடைகளில் பனை என்று வரும் பிளாஸ்டிக் மரங்கள் பெரும்பாலும் தென்னை. வளைந்த தண்டு, இறகு போன்ற ஓலை. தென்மராட்சி என்றால் அவை சரி. வலிகாமத்துக்குப் பனை வேண்டும், அது கடையில் எளிதாகக் கிடைக்காது, நீங்கள்தான் செய்ய வேண்டும். வளர்ந்த பனை 15 முதல் 20 மீற்றர், மாதிரியில் 17 முதல் 23 செ.மீ. இந்தப் பலகையில் 15 செ.மீ. போதும், அதற்கு மேல் போனால் ஸ்டேசன் சிறுத்துவிடும். தண்டுக்கு 4 மி.மீ. மூங்கில் குச்சி எடுத்து, அடிப்பக்கம் மட்டும் மரத்தூளும் பசையும் பூசித் தடிக்க வையுங்கள். நிறம் மண்ணிறம் அல்ல, கரும்சாம்பல். ஓலைக்கு 15 மி.மீ. அகலக் கடதாசி வட்டம் வெட்டி, இரண்டு பக்கமும் நிறம் பூசி, விசிறி போல மடித்து, விளிம்பைப் பல்லுப் பல்லாக வெட்டி, மெல்லிய கம்பியில் ஒட்டுங்கள். ஒரு மரத்துக்கு இருபத்தைந்து ஓலை வேண்டும், உருண்டையாக நிற்க வேண்டும், கீழே இரண்டு மூன்று காவோலை மண்ணிறத்தில் தொங்க வேண்டும். இப்படி முன்வரிசைக்கு மட்டும் பத்து மரம் செய்யுங்கள். பின்வரிசைக்கு நாலு அடுக்கு வட்டக் கடதாசி போதும். உண்மையான பனையோலையை வெட்டி ஒட்டலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். அதன் நரம்பு இந்த அளவுக்கு மிகத் தடிப்பு, காய்ந்தால் சுருண்டும் விடும். வடலியை, அதாவது இளம் பனையை, மறக்க வேண்டாம். நிலத்தோடு நிற்கும் வடலிகள்தான் பனங்கூடலை இயற்கையாக்கும், செய்யவும் எளிது.

கிடுகு வேலி 2 மீற்றர் உயரம், மாதிரியில் 23 மி.மீ. மண்ணிறக் கடித உறைத் தாளில் பேனாக்கத்தியின் மழுங்கல் பக்கத்தால் சரிவாகக் கீறி, மூன்று வரிசையாக ஒன்றின்மேல் ஒன்று படிய ஒட்டுங்கள். கதியாலுக்கு, அதாவது வேலிக் கம்புக்கு, ஈர்க்கு. கிளுவையோ பூவரசோ கதியாலாக நிற்கும் இடங்களில் தலையில் கொஞ்சம் பச்சைத் தும்பு. வேலி முழுவதையும் ஒரே நிறத்தில் விட வேண்டாம். புதிதாகக் கட்டிய துண்டு மண்ணிறம், போன வருடத்தது சாம்பல், அதற்கு முந்தியதில் ஓட்டை. அந்த ஓட்டையூடாகக் கிணறும் துலாவும் தெரிந்தால், வேலிக்கு அப்பால் ஒரு குடும்பம் இருப்பது தெரியும். இந்த வேலியில் செலவழிக்கும் நேரத்தைப் பலகையில் வேறெதிலும் செலவழிக்க மாட்டேன். நாவற்குழிப் பக்கம் கடலேரியையும் காட்ட விரும்பினால் நீல நிறத்தைத் தொடாதீர்கள். ஆழமில்லாத தண்ணீர் என்பதால் சேற்றுப் பச்சையும் சாம்பலும் கலந்து பூசி, அதன்மேல் பளபளப்பு வார்னிஷ் நாலைந்து தரம் மெல்லிசாகப் பூசினால் போதும்.

இனிச் சிக்னல். ஒற்றைப் பாதையில் இரண்டு லைன் உள்ள ஸ்டேசனுக்கு ஒவ்வொரு திசையிலும் மூன்று சிக்னல் என்பது பழைய பிரித்தானிய ஒழுங்கு. தூரத்திலேயே எச்சரிக்கும் டிஸ்டன்ட், ஸ்டேசனுக்குள் வரலாமா என்று சொல்லும் ஹோம், புறப்படலாமா என்று சொல்லும் ஸ்டார்டர். டிஸ்டன்ட் பல நூறு மீற்றர் முன்னாலே நிற்க வேண்டும். 500 மீற்றர் என்று வைத்தாலும் மாதிரியில் கிட்டத்தட்ட 6 மீற்றர், உங்கள் அறைக்கு வெளியே போய்விடும். ஆகவே அதை விட்டுவிடுங்கள். பொய்யான இடத்தில் டிஸ்டன்டை நடுவதைவிட இல்லாமலிருப்பது நல்லது. ஹோமைப் பொயின்டுக்கு முன்னாலும், ஸ்டார்டரை மேடை முடிவில் பொயின்டுக்கு இந்தப் பக்கமும், சாரதிக்கு இடது பக்கத்தில் நடுங்கள். முழு ஒழுங்கில் ஸ்டார்டர் லைனுக்கு ஒன்றாக வரும். முதலில் மெயின் லைனுக்கு மட்டும் செய்யலாம், அப்படியானால் நாலு கம்பம்.

கைகாட்டிக்கு 8 செ.மீ. உயரத்தில் 2 மி.மீ. பித்தளைக் குழாய், 15 மி.மீ. நீளத்தில் மெல்லிய பித்தளைத் தகட்டுக் கை. முன்பக்கம் சிவப்பு, நுனிக்குக் கிட்ட வெள்ளைப் பட்டி. பின்பக்கம் வெள்ளை, கறுப்புப் பட்டி. கை படுத்திருந்தால் நில் என்று அர்த்தம். போ என்பதற்குச் சில வகைகளில் கை கீழே சரியும், சிலவற்றில் மேலே எழும். உங்கள் ஸ்டேசனின் படத்தைப் பார்த்து அதன்படி செய்யுங்கள். விளக்கு விசயத்தில் அழகான ஒரு நுட்பம் இருக்கிறது. மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள் என்பதால், அதன்முன் பச்சையாகத் தெரிய வேண்டிய கண்ணாடியை நீலம் கலந்தே செய்தார்கள். மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சை தெரியும். நீங்களும் பச்சை எல்ஈடி போடாமல், மங்கலான மஞ்சள்வெள்ளை எல்ஈடியின் முன் நீலப்பச்சைத் தாளை ஒட்டினால் அந்தப் பழைய வெளிச்சம் அப்படியே வரும். கையை அசைக்க, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் 9 கிராம் சேர்வோ மோட்டர் ஒன்றைப் பலகைக்குக் கீழே பூட்டி, அரை மி.மீ. கம்பியால் இணைத்து, நாமே நிரல் எழுதக்கூடிய சிறு மின்பலகையான ஆர்டுயினோவால் ஓட்டுங்கள். மெதுவாக அசைந்து, கடைசியில் ஒருமுறை துள்ளி நிற்கும்படி எழுதினால் இரும்புக் கையின் பாரம் தெரியும். சேர்வோவுக்கு 5 வோல்ட்டைத் தனியாகக் கொடுங்கள், ஆர்டுயினோவிலிருந்து எடுக்க வேண்டாம். உண்மையான கைகாட்டியில் கம்பி அறுந்தால் பாரம் இழுத்துக் கை தானாக ‘நில்’ நிலைக்குப் போகும். உங்களுடையதும் மின்சாரம் வந்தவுடன் முதலில் ‘நில்’ நிலைக்குப் போகும்படி எழுதுங்கள்.

வண்ண விளக்கு என்றால் வேலை பாதி. 3 மி.மீ. எல்ஈடி இந்த அளவுக்குப் பெரிது, 2 மி.மீ. எடுங்கள். பிரித்தானிய வழக்கில் சிவப்பு கீழே, சாரதியின் கண்ணுக்குக் கிட்ட இருக்கும். 12 வோல்ட்டில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் அறையே சிவக்கும். சிவப்புக்கு 3.3 கிலோஓம், பச்சைக்கு 10 கிலோஓம் என்று தொடங்கிக் கண்ணால் பார்த்து மாற்றுங்கள். பச்சையில் கொஞ்சம் நீலச்சாயல் உள்ள வகை வாங்குங்கள், இலைப்பச்சையாக எரியும் மலிவு வகை சிக்னல் போலவே இராது.

இப்போது சிக்னல் எதைச் சொல்ல வேண்டும் என்பது. பலரும் ஒரு சுவிச்சைத் தட்டினால் சிவப்பு பச்சையாகும்படி செய்துவிட்டு அதோடு நிறுத்துவார்கள். அது விளக்கு, சிக்னல் அல்ல. குறைந்தது ஒரு விதியையாவது வைத்துக்கொள்ளுங்கள்: பொயின்ட் அந்த லைனுக்குச் சரியாகத் திரும்பியிருந்தால் ஒழிய சிக்னல் ‘போ’ என்று காட்டக்கூடாது. இதற்குக் கணினி வேண்டாம். பொயின்ட் அசையும்போது அதோடு சேர்ந்து தட்டுப்படும் மைக்ரோ சுவிச் ஒன்றை வைத்து, சிக்னலுக்குப் போகும் கம்பியை அதனூடாக அனுப்பினால் போதும். அடுத்த படியாக, சிக்னல் சிவப்பாக இருக்கும்போது அதற்கு முன்னாலுள்ள 40 செ.மீ. தண்டவாளத்தில் மின்சாரத்தை ரிலே ஒன்று துண்டிக்கட்டும், ரயில் தானாக நிற்கும். இது சாதாரண டிசி கொன்ட்ரோலருக்கு. ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் டிசிசி என்றால் அந்தத் துண்டிப்பு வேண்டாம், பொயின்ட் விதி மட்டும் அப்படியே பொருந்தும்.

இதற்கு மேலே ஒன்றைச் செய்ய மனமிருந்தால் டேப்லெட்டைச் செய்யுங்கள். டேப்லெட் என்பது ஒற்றைப் பாதையில் போக அனுமதியாகச் சாரதிக்குக் கொடுக்கும் வட்டத் தகடு. இலங்கையின் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலமாக, சாரதி கையில் டேப்லெட் வந்தால்தான் அடுத்த ஸ்டேசன் வரை போகலாம். இரண்டு ஸ்டேசன்களிலும் உள்ள டேப்லெட் பெட்டிகள் மின்கம்பியால் இணைந்து, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் வெளியே விடும். உங்கள் வட்டத்தில் ஸ்டேசனின் கிழக்கு முனையில் புறப்பட்டு மேற்கு முனைக்குத் திரும்பி வரும் பாதை முழுவதும் அப்படியான ஒரு ஒற்றைத் துண்டுதான். இரண்டு முனை ஸ்டார்டருக்கும் ஒவ்வொரு சொக்கெட் வைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு பிளக் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் பிளக் இருக்கிறதோ அந்தப் பக்க ஸ்டார்டர் மட்டும் ‘போ’ காட்டும். இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும்போது அதைக் கைமாற்றிக்கொள்வதுதான் விளையாட்டின் உயிர். சிலநூறு ரூபாய் சாமானில் இதைவிட நிறைவான வேலை எனக்குத் தெரியாது.

நிச்சயமில்லாதவற்றையும் சொல்ல வேண்டும். ரயில் வருவதை உணர அகச்சிவப்பு சென்சர் மலிவு, ஆனால் யன்னல் வெயில் பட்டால் குழம்பும். உங்கள் அறையில் சரிவருமா என்று ஒன்றை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள். சாயம் போட்ட தும்பும் மரத்தூளும் இலைகளுக்கு நன்றாக இருக்கும், ஆனால் எத்தனை வருடம் நிறம் நிற்கும் என்பது சாயத்தையும் வெளிச்சத்தையும் பொறுத்தது. துணிச்சாயத்தைவிட அக்ரிலிக் பெயின்ட் அதிகம் தாங்கும் என்பது என் அனுபவம். மாரிக்காலப் பூஞ்சைக்குப் பசையில் கிருமிநாசினி கலக்கச் சொல்வார்கள். நான் அதை நம்புவதைவிட அறையில் காற்றோட்டத்தை நம்புவேன். கோதுமை மாப்பசை மட்டும் வேண்டவே வேண்டாம், கரப்பானும் எறும்பும் வரும் என்பதில் சந்தேகமில்லை. கால்களுக்கும் சட்டத்துக்கும் கறையான் மருந்து பூசுங்கள்.

வேலையின் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். தண்டவாளம், கம்பி வேலை, பிறகு சில கிழமை வெறும் பலகையிலேயே ஓட்டம். தடம்புரளும் இடங்கள் எல்லாம் அப்போதே தெரியும். அடுத்து சிக்னல் கம்பங்களுக்குத் துளையிட்டு, கம்பத்தைக் கழற்றிப் பூட்டக்கூடியபடி அடியில் சிறு பிளக் வையுங்கள். சல்லி ஒட்டும்போது அந்தத் துளைகளைக் கடதாசியால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பசை வழிந்து கீழே சேர்வோவில் இறங்கும். மண், வேலி, பனை என்று பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு வாருங்கள். கம்பங்களை எல்லாம் முடிந்த பிறகு பூட்டுங்கள், சட்டைக்கை பட்டு முதலில் முறிவது அவைதான். கம்பி ஒவ்வொன்றிலும் இரண்டு நுனியிலும் இலக்கம் எழுதிய ஒட்டுத்தாள் இருக்கட்டும். பொயின்டுக்கு நேர் கீழே சட்டத்தின் குறுக்குக்கட்டை வராதபடி இப்போதே பாருங்கள், வந்திருந்தால் ரெஜிபோம் ஒட்டுவதற்கு முன் அதை நகர்த்திவிடுங்கள்.